நாலு வீட்டுக் கிணறும் அத்தானின் கரவனும்

அந்தக் குழாயை அத்தான் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. கைத்தடிமனில், மடிப்பு மடிப்பாக, மண்ணிறத்தில் இருந்த குழாய். யாரோ நன்றாகக் கழுவிக் காயவைத்துச் சுருட்டித்தான் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதில் ஒரு மணமும் இருக்கவில்லை. ஆனாலும் அத்தான் மற்றக் கையால் லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "சாமிப்படம் வைக்கப்போற வண்டிக்குள்ளை உந்த நரகல் குழாயோ? தூ!" என்று சொல்லி, வேலிக்கு மேலால் பின் வளவுப் பனைகளுக்குள் எறிந்தார். அதோடு சேர்த்துக் கட்டியிருந்த மஞ்சள் இறப்பர்க் கையுறைகளும் போயின. பிறகு கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். பக்கத்தில் நின்ற எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. குழாயைப் பார்த்து அல்ல.

அத்தான் என்றால் என் மூத்த அக்காவின் கணவர். இருவரும் கனடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு, வேலையால் நின்ற கையோடு பண்டத்தரிப்புப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தார்கள். வந்த அடுத்த வருடமே, கொழும்பில் இருந்து நாட்டை விட்டுப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடம் அத்தான் ஒரு கரவனை வாங்கினார். வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற, சில்லுப் பூட்டிய சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, குளிர்சாதனப்பெட்டி, ஒரு மூலையில் கதவு போட்ட கக்கூசு எல்லாம் அதற்குள் அடக்கம். விற்ற மனிதர் ஒழுங்கானவராக இருக்கவேண்டும். புதிதாகக் கரவன் வாங்குகிற ஒருவருக்கு என்னென்ன தேவையோ அத்தனையையும் ஒரு நீலப் பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றிலும் துண்டு ஒட்டிக் கொடுத்திருந்தார். சில்லு உருளாமல் அடைகிற கட்டைகள், நிலம் மட்டமா என்று பார்க்கிற கருவி, கரண்டு கூடிக் குறைந்தால் காக்கிற பெட்டி, கொழுவியைப் பூட்டுகிற பூட்டு, குடிதண்ணீருக்கென்று தனியாக ஒரு வெள்ளைக் குழாய். கக்கூசுத் தாங்கியை வெறுமையாக்குவதற்குத்தான் அந்த மண்ணிறக் குழாயும் கையுறையும்.

அத்தான் அந்தப் பெட்டியைக் கிண்டிப் பார்த்துவிட்டு, "உவங்கள் வெள்ளைக்காரருக்கு எல்லாத்துக்கும் ஒரு சாமான் வேணும்" என்று சிரித்தார். பிறகு தனக்குத் தேவையென்று பட்டதை வாங்கத் தொடங்கினார். வாசலுக்கு மேலே விரிகிற கோடு போட்ட பந்தல், சுற்றிவர எரிகிற நிறநிற மின்குமிழ்கள், மடக்குக் கதிரைகள், பெரிய ஒலிபெருக்கி, இறைச்சி வாட்டுகிற அடுப்பு. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் வாயில் வைக்காத மனிதர் சனிக்கிழமைக்கென்று அடுப்பு வாங்கினார். ஐயரைக் கூப்பிட்டு, முருகன் படத்தைக் கரவனுக்குள் ஏற்றி, நீற்றுப்பூசணி வெட்டி, சில்லுகளின் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, முன்யன்னல் தெரியாத அளவுக்குச் சந்தனம் பூசியாயிற்று. படத்துக்கும் கக்கூசுக் கதவுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை என்று நான் சொன்னேன். "அது உள்ளுக்குள்ளை மூடிக் கிடக்குது. வெளிநாட்டு முறை, உனக்கு விளங்காது" என்றார். எனக்கு விளங்கவில்லைத்தான். மூடிக் கிடப்பது எங்கே போகும் என்று அவருக்கும் விளங்கவில்லை.

அக்காவுக்குக் கரவனில் நாட்டமே இல்லை. அவ ஊருக்கு வந்தது கிணற்றுக்காக. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. எங்கள் வளவுக் கிணறு நாலு வீட்டுக்குப் பங்குக் கிணறு. அக்கா வீடு, என் வீடு, மேற்கே மாமி வீடு, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் வாத்தியார் வீடு. காலையில் நாலு வீட்டுப் பெண்களும் அங்கேதான் கூடுவோம். யார் வீட்டில் என்ன கறி, யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு யாரோடு கோபம் எல்லாம் கயிறு இழுக்கிற நேரத்தில் தெரிந்துவிடும். கனடாவில் ஒரு தொழிற்சாலையில் நின்ற நிலையில் கோழி வெட்டி வெட்டி முழங்கால் தேய்ந்த அக்காவுக்கு, அந்தக் குளிரிலும் இந்தக் கிணற்றடிதான் நினைவில் நின்றதாம். வந்த முதல் நாள் ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு அழுதா. மாமி அவவுக்கு முதுகு தேய்த்துவிட்டா. மாமி எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் அக்காவுக்குத் தாய்க்குச் சமம்.

அத்தானுக்கு வெளிநாட்டில் இருந்து கூட்டாளிகள் வருவார்கள். அவர்களைக் கரவனில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமைகளில் கடற்கரைக்குப் போவார். பியர், வாட்டிய இறைச்சி, பாட்டு. ஞாயிறு பின்னேரம் தாங்கி நிரம்பி வண்டி வீட்டுக்கு வரும். குழாய் இருந்தால் வீட்டு மலக்குழியின் மூடியைத் திறந்து, வண்டியைச் சற்றுத் தூரத்திலேயே நிறுத்தி, குழாயைக் கொழுவிவிட்டு ஆறுதலாக நிற்கலாம். குழாய்தான் பனைக்குள் கிடக்கிறதே! வீட்டுக்குப் பின்னால் மலக்குழி இருந்த ஒடுங்கிய கோடிக்குள் கரவன் நுழையாது. ஆகவே வண்டியின் அடிவாய் எந்தப் பள்ளத்துக்கு மேலே வருமோ அங்கேதான் நிறுத்தவேண்டும் என்று ஆயிற்று. அப்படி ஒரு இடம் வளவில் ஒன்றுதான் இருந்தது. கிணற்றுக்குப் பக்கத்துத் தென்னம்பாத்தி.

"தென்னைக்கு நல்ல பசளை" என்றார் அத்தான்.

நான் வாய்விட்டே சண்டை பிடித்தேன். எங்கள் மண் என்ன மண்? ஒரு முழம் வெட்டினால் கல்லு. கல்லு முழுக்க ஓட்டை. மேலே ஊற்றுகிற தண்ணீர் எந்த வழியால் எங்கே போகும் என்று ஆருக்குத் தெரியும்? பனைக்குள் போய்க் குழாயைத் தேடி எடுத்து வருகிறேன் என்றும் சொன்னேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் ஊத்தை. "எறிஞ்ச நரகலைத் திருப்பி வீட்டுக்குள்ளை கொண்டுவாறதோ? ஆசாரம் தெரியாதோ உனக்கு?" ஒவ்வொரு ஞாயிறும் தன் கிணற்றடியில் கூட்டாளிகளின் மலத்தைத் திறந்துவிடுகிற மனிதர் எனக்கு ஆசாரம் சொல்லித் தந்தார்.

திறந்துவிடுவதும் அவரில்லை. அதுதான் என்னால் இன்றும் செமிக்க முடியாதது. அவர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்று கையைக் காட்டுவார். தேய்ந்த முழங்காலோடு குனிந்து, தாங்கியின் வாயைத் திறக்கிற பிடியை இழுப்பது அக்கா. கையில் கடைப் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு, தெறித்ததை மண்வெட்டியால் இழுத்து மூடுவது அக்கா. தாங்கியை அலசுவதற்கு அந்த வெள்ளைக் குழாயையே அத்தான் எடுத்துக் கொடுத்தார். அடுத்த நாள் அதே குழாயால் கரவனின் குடிதண்ணீர்த் தாங்கியை நிரப்பியதை நான் பார்த்தேன். சொல்லிக்கொண்டு போனால் வாந்தி வரும். "விடடி, அந்தாள் சந்தோசமாய் இருக்கட்டும்" என்பா அக்கா.

மாரி தொடங்கிக் கிணற்றில் தண்ணீர் ஏறியபோதுதான் முதலில் மாமி சொன்னா. வாளியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், திரும்ப இறக்கி வைத்துவிட்டு, "பிள்ளை, தண்ணி மணக்குது" என்றா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அக்கா முகம் செத்துப்போயிற்று. நான் நேரே போய் அத்தானிடம் சொன்னேன். எலி விழுந்திருக்கும் என்றார். மழைக்குக் கிணறு அப்படித்தான் என்றார். வாத்தியார் வீட்டு மாட்டுக்கொட்டில் என்று ஒருநாள் வாய் கூசாமல் சொன்னார். வாத்தியார் மாடு விற்று எத்தனையோ காலம். அந்த நாட்களில் அத்தான் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு துளி குடித்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். கனடாவால் வந்த நாளில் இருந்து அவருக்குப் போத்தல் தண்ணீர். வயிற்றுக்கு ஒத்துவராதாம்.

அக்காவுக்கு மட்டும் ஒத்துவரும் என்பது அவர் நினைப்பு. அவ குடித்தா. மாமி சொன்ன பிறகும், தான் குடிக்காமல் விட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயந்து எல்லாரும் பார்க்கக் குடித்தா. மார்கழியில் கண் மஞ்சளாகிப் படுத்தா. செங்கமாரி. மானிப்பாயில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தான், "வெளிச்சாப்பாடு ஏதும் சாப்பிட்டிருப்பாய்" என்று சொன்னபோது, மருந்து கட்டுகிற பிள்ளையே திரும்பிப் பார்த்தாள்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீர் எடுத்துப் போனார். கிணற்றைப் பாவிக்க வேண்டாம் என்றார்கள். தென்னம்பாத்தியை வெட்டி அள்ளி, சுண்ணாம்பு போட்டு, கிணற்றை அடிவரை இறைத்து, சேற்றை வாரி, மருந்து விட்டு, ஊறவிட்டு, மறுபடி இறைத்தோம். மாமியின் மகனும் வாத்தியாரும் கயிற்றில் இறங்கி வேலை செய்தார்கள். யாரும் அத்தானை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தான் கரவன் வாசலில் பந்தலின் கீழே மடக்குக் கதிரையில் இருந்து, "கவனம், கவனம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அத்தான் தொலைபேசியில் வீடியோ போடுகிறார். புதிதாகக் கரவன் வாங்குகிறவர்களுக்கு ஆலோசனையாம். சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்று இங்கேயும் இரண்டொருவர் கரவன் செய்விக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களும் பார்க்கிறார்களாம். போன கிழமை நானும் பார்த்தேன். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பந்தல் வேணும், மின்குமிழ் வேணும், முக்கியமாக ஒரு சாமிப்படம் வேணும் என்று ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டுகிறார். கழிவுக்கு என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, "அது பெரிய விசயமில்லை தம்பி" என்று சிரிக்கிறார். நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் முகத்தைக் கழுவினேன். அவருக்கு அது பெரிய விசயமில்லைத்தான். அவருக்கு என்ன போயிற்று? போனது அக்காவுக்கு. அது போன காலையைச் சொல்லாமல் விட முடியாது.

கிணறு சுத்தம், இனிக் குடிக்கலாம் என்று பரிசோதகர் அறிவித்த அடுத்த நாள் காலை அது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. கிணறு இறைத்து ஊறிய புதுத்தண்ணீரைப் பங்குக்காரர் எல்லாரும் கூடி நின்று ஆளுக்கு ஒரு வாய் குடிப்போம். ஆண்களில் மூத்தவர் முதலில் குடிக்கவேண்டும். அவருக்கென்று ஒரு செம்பு அள்ளிக் கொடுத்து, அவர் குடித்த பிறகுதான் மற்றவர்கள் வாளி இறக்கலாம். மாமி வந்திருந்தா. வாத்தியார் வீட்டாரும் வந்திருந்தார்கள். எல்லாரும் வந்ததே அக்காவின் முகத்துக்காக. எலும்பும் தோலுமாக இருந்த அக்கா தானே கயிறு பிடித்து அள்ளி, செம்பில் வார்த்து, இரண்டு கையாலும் அத்தானிடம் நீட்டினா. மூத்தவர் அவர்தான்.

அத்தான் செம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு உது ஒத்துவராதெண்டு உனக்குத் தெரியுந்தானே."

"இஞ்சேருங்கோ, ஒரு வாய்தானே" என்றா அக்கா. செம்பை இன்னும் கிட்ட நீட்டினா. "நீங்கள் குடிக்காத தண்ணியை இந்தச் சனம் என்னண்டு குடிக்கும்?"

அத்தான் கொஞ்சம் யோசித்தார். பிறகு, நல்ல வழி கண்டுபிடித்தவர் போல முகம் மலர்ந்து, கரவனுக்குள் ஏறினார். இறங்கி வந்தபோது கையில் மூடி உடைக்காத போத்தல். "முறைக்குத்தானே? தண்ணியெண்டால் எல்லாம் தண்ணிதான்" என்று சொல்லி, எங்கள் எல்லாருக்கும் முன்னால் மூடியைத் திருகி, அண்ணாந்து ஒரு வாய் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, இனி நீங்கள் குடியுங்கோ" என்றார்.

ஒருவரும் வாளி இறக்கவில்லை. பிறகு மாமி தன் வெறும் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தா. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். யாரும் கோபமாகப் போகவில்லை. செத்த வீட்டில் இருந்து போவதுபோல, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். அக்கா செம்போடு நின்றா.

அத்தான் அவர்கள் போவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போகட்டும், விடு. இனி முறையும் பாக்கத் தேவையில்லை. கிணறு முழுக்க எங்களுக்குத்தான்."

அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. செம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, தண்ணீர் சிந்தாமல், மாமி வீட்டுப் படலைக்கு நடந்தா. "மாமி" என்று கூப்பிட்டா. உள்ளே ஆள் நடமாடுவது எங்களுக்குத் தெரிந்தது. படலை திறக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டா. பிறகு அந்தப் படலைக்கு முன்னால் நின்று செம்புத் தண்ணீர் முழுவதையும் தானே குடித்து முடித்தா. நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். வழியில் தன் வீட்டு வாசல் வந்தபோது அக்கா நிற்கவில்லை. என் வீட்டுக்கு வந்தா. இன்னும் இங்கேதான் இருக்கிறா.