பிரேக் அக்காவும் உப்பு டீயும்

என் அம்மா டவுன் பஸ் ஓட்டுகிறாள். டெப்போவில் அவளுக்குப் 'பிரேக் அக்கா' என்று பெயர். அவள் வண்டியை நிறுத்துவது யாருக்கும் தெரியாது, நின்ற பிறகுதான் தெரியும். கம்பியைப் பிடிக்காமல் நின்றபடியே ஒரு பெண் கண்ணுக்கு மை தீட்டியதை நானே பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பிரேக் போட்டால் பின்சீட்டுக்காரர் முன்சீட்டுக்காரருக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். சந்திலிருந்து ஒரு சின்னப் பெண் சைக்கிளோடு குறுக்கே பாய்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது. கண்டக்டர் மாமா சில்லறைப் பையோடு உருண்டார். பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அம்மாவின் நெஞ்சு ஸ்டீயரிங்கில் போய் மோதியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிரேக் அக்காவே பஸ்ஸைக் குலுக்கிவிட்டாள் என்று டெப்போ முழுக்க ஒரே கேலி. அடிபட்டது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, குலுங்கியதுதான் அவமானம்.

மாலையில் வீட்டுக்கு வந்து நெஞ்சில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். விஷயம் தெரியாத நான் வழக்கம்போல் அவள் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். எப்போதும் முதல் வாய்க்கே என் பரம்பரையை இழுத்துத் திட்டுவாள், அது அவள் பரம்பரையும்தான் என்பதை மறந்து. அன்று முழு டம்ளரையும் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"டீ எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுடா."

நான் அவளை உற்றுப் பார்த்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் அவள் மேலுதட்டில் வியர்வை. இடது கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

தையல் மிஷினில் இருந்த அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, அம்மா உப்பு டீயைத் திட்டாம குடிச்சுட்டாங்க."

முதலில் சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். பிரேக் போட்டதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் மானம் போய்விடும் என்று அம்மா முரண்டு பிடித்தாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு அப்பா அவளை ஆட்டோவில் ஏற்றினார்.

மாரடைப்பு. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, இவளுக்கு எப்படி என்று நாங்கள் விழித்தோம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: நெஞ்சில் விழுந்த இடி, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவரைக் கிழித்திருக்கிறது; கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டது. வெளியே பார்த்தால் வெறும் கன்றல்தான். அன்று இரவே குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

கண்டக்டர் மாமா பார்க்க வந்தபோது அந்தச் சைக்கிள் பெண்ணையும் கூட்டிவந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றாள். "பாத்துக்கங்கக்கா, நீங்க போட்ட பிரேக்கு," என்றார் மாமா. அம்மா அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவமானம் என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை.

சில மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, மறுபடி பஸ் எடுத்தாள். முதல் நாள் நானும் ஏறி, கம்பியைப் பிடிக்காமல் நடுவில் நின்றேன். ஓர் அடிகூடத் தள்ளாடவில்லை. ஓட்டுவது என் அம்மா என்று பக்கத்தில் நின்றவரிடம் சும்மா சொல்லிவைத்தேன். அவர் என்னிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

மாலை அவளே டீ போட்டுக் கொடுத்தாள். வாயில் வைத்ததும் தெரிந்தது, கை நிறைய உப்பு. மூச்சு விடாமல் குடித்து முடித்தேன்.

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என் நெற்றியில் கை வைத்தாள்.

"ஏண்டா, உடம்புக்கு என்ன பண்ணுது?"