இருக்கை உறைப் பிரிவில் ஒன்பது வருடம்

போனை ஸ்பீக்கரில் போட்டுத் துணிக்கட்டின் மேல் சாய்த்து வைத்திருக்கிறார். அதில் பியானோ இசை ஓடுகிறது. நடுநடுவே ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று வெளிநாட்டு மொழியில் சொல்கிறது. "முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே?" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த பேண்டை எடுக்கிறார் அக்கா. காத்திருக்கும் நேரத்தில் சாதாரணமாக மூன்று பேண்டுகளுக்குக் கால் மடித்துவிடுவார். ஒருநாள் நாற்பது நிமிடம் காக்க வைத்தார்கள்; ஒரு கோட்டுக்கு லைனிங்கே மாற்றி முடித்துவிட்டார்.

ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய ஆல்டரேஷன் கடை. இரண்டு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, ஒரு திரை. வாடிக்கையாளர் பெயர் எதுவும் அவர் மனதில் நிற்காது, உடம்பு நிற்கும். "இடது தோள் எறங்குனவர் வந்தாரா?" "தொப்பைய ஒத்துக்காதவர் சட்டைய அந்தப் பக்கம் வைங்க." நான் அவருக்கு 'வலது கால் நீளம்'. முதல்முறை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் அளந்து பார்த்தேன். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கல்யாணத்துக்கு முன் வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலையில் பஸ் இருக்கைகளுக்கு உறை தைத்தவர் அவர். இருபத்தோரு வயதில் போய் முப்பதில் திரும்பினார். ஓய்வுக்காலத்துக்கென்று மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. திரும்பி வந்ததும் கல்யாணம், மகள், கடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் அதைச் சுத்தமாக மறந்துபோனார்.

போன வருடம் கடை உரிமத்தைப் புதுப்பிக்க அவருடைய கணவர் விண்ணப்பம் நிரப்பினார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், கையெழுத்தும் நன்றாக இருக்கும். 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் அழகாக 'இல்லை' என்று எழுதியிருந்தார். அக்கா சண்டைக்குப் போனதும், "கோவிச்சுக்காத. அங்க வேலை பாத்ததுக்கு என்ன பேப்பர் இருக்கு, காட்டு" என்றாராம். ஒன்றும் இல்லைதான். சம்பளச் சீட்டெல்லாம் எந்த வீடு மாறும்போதோ போய்விட்டது. "ஒம்பது வருஷம் தம்பி. அந்த ஊர்ல எந்த பஸ்ல ஏறினாலும் யாராவது ஒருத்தர் என் தையல் மேல உக்காந்திருப்பாங்க. அது 'இல்லை'யாம்" என்று என்னிடம் சொன்னபோது பல்லிடுக்கில் குண்டூசி இருந்தது. எங்கே விழுங்கிவிடுவாரோ என்று பயந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பழைய பிடித்தம் நினைவுக்கு வந்தது. பணம் பிடித்திருந்தால் கணக்கு இருக்கும், கணக்கு இருந்தால் அதில் அவர் இருப்பார். தேட ஆரம்பித்தார். தொழிற்சாலை இரண்டு முறை கைமாறி, பெயரும் மாறி, ஓய்வுப் பணம் மூன்றாவது ஒரு நிறுவனத்திடம் போயிருந்தது. யாரைக் கேட்டாலும் இன்னொரு நம்பரைக் கொடுத்தார்கள். அத்தனை நம்பரும் அளவு நோட்டில் ஏறின. அடுத்தவர் மார்பு, இடுப்பு அளவுகளுக்கு நடுவே 'மூக்கால பேசுறவன்', 'அவசரக்காரி', 'நல்ல பிள்ளை' என்று குமாஸ்தாக்களும் இடம்பிடித்தார்கள். பங்கு கொடுத்தால் கண்டுபிடித்துத் தருவதாக ஒரு ஏஜெண்ட் வந்தான். "நான் தச்ச சட்டைக்கு நீ வந்து பட்டன் வைப்பியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

ஐந்தாவது மாதம், 'நல்ல பிள்ளை'யே வருத்தத்தோடு சொல்லிவிட்டான், அந்தப் பெயரில் இங்கே யாருமே வேலை பார்க்கவில்லை என்று. "இருந்த ஆளையே இல்லைங்கறாங்க தம்பி" என்று சொல்லி அக்கா அழுதார். நான் பேண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நான் கடையில் இருக்கும்போது, புதிதாகக் கல்யாணமான ஒரு நர்ஸ் சீருடையோடு வந்தாள். சட்டையில் தைத்திருந்த பெயரைப் பிரித்துவிட்டு வேறு தைக்க வேண்டும். "என் பேருக்குப் பின்னாடி அப்பா பேரு இருக்குக்கா. இப்ப அவர் பேரு போடணும்." அக்கா சட்டையை வாங்கினார். வாங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடக் கடவுளே! அங்க இருந்தப்ப எங்க வீட்டு மனுசன நான் பாத்ததே இல்லையே!"

இத்தனை மாதமும் தன் பெயரோடு கணவர் பெயரைச் சேர்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அங்க எல்லாரும் என்னை எங்கப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. மொத வாரம் நான் திரும்பியே பாக்கல. யாரோ ஆம்பளையக் கூப்பிடறாங்கன்னு தச்சுக்கிட்டே இருந்தேன்!"

உடனே போன் போட்டார். அதிர்ஷ்டம், எடுத்தது 'நல்ல பிள்ளை'. அப்பா பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அந்த நாட்டு மொழியைப் பேசும்போது அக்காவின் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிடும்; அப்போதுதான் வந்து சேர்ந்த கணவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எந்தப் பிரிவு என்று அவன் கேட்டு முடிப்பதற்குள், இருக்கை உறை, மூன்றாவது வரிசை என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம். பிறகு அவன் வாசித்தான்: ஒன்பது வருடம், நான்கு மாதம்.

"இருக்கேனாம்!" என்று எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார் அக்கா. "நாலு மாசம் வேற சேத்து!" நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டினாள். எனக்கு ஏதோ நானே பஸ் பஸ்ஸாகத் தைத்துத் தள்ளியதுபோல் பெருமையாக இருந்தது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஒன்பது வருடம், நான்கு மாதம் என்று போட்டிருந்த முதல் பக்கத்தை அக்கா மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு வருதாம்?" என்றார் கணவர்.

"இன்னும் அந்தப் பக்கம் போகல."

கூடவே ஒரு படிவம் இருந்தது. பதிவில் உள்ள பெயரை இப்போதைய பெயருக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். கணவர் எட்டிப் பார்த்தார். "மாத்திடேன். என் பேரும் வெளிநாடு பாத்த மாதிரி இருக்கும்."

"அந்த ஒம்பது வருஷம் நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் சிரித்துவிட்டார். அக்கா 'வேண்டாம்' என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டார். அப்பா பெயரோடு கையெழுத்திட்டார். அதற்குக் கீழே சாட்சிக்கு ஒரு கோடு இருந்தது. படிவத்தைக் கணவர் பக்கம் திருப்பி, பேனாவை அவர் கையில் கொடுத்து, அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.