சாவிக்காரரும் மாமனார் போட்ட படமும்

சாவிக்காரர் வீட்டுக் கதவில் ஒரு பூட்டுகூடக் கிடையாது. அவர் வைத்திருந்த சாவி வேறு. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்காகக் கைப்பிடி, கீழே சதுரமாக ஒரு வாய். தெருவில் இருக்கும் மூடியைத் தூக்கிவிட்டு, அந்த வாயைக் குழிக்குள் இருக்கும் வால்வின் தலையில் பொருத்தி, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒரு பக்கம் சுற்றினால் பேட்டைக்குத் தண்ணீர் வரும். மறுபக்கம் சுற்றினால் பேட்டையே கூடி அவருடைய வம்சத்தை விசாரிக்கும். முப்பத்தொரு வருஷம் இந்த விசாரணையைக் காதில் வாங்கிக்கொண்டே மாநகராட்சிக்கு உழைத்தவர்.

எங்களுக்கு எப்படி உறவு என்று சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அதே மாநகராட்சியில் சர்வேயராக இருந்தவர். அவருக்கு இரண்டும் பெண்கள். பெரியவளைச் சாவிக்காரருக்குக் கொடுத்தார். சின்னவள் படித்தவள் என்பதால் படித்த மாப்பிள்ளையாகப் பார்த்தார். அந்த மாப்பிள்ளை பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுதி, மாநகராட்சியிலேயே பணியாளர் அதிகாரியாக வந்து உட்கார்ந்தார். ஆக, சகலைகள் இருவருக்கும் ஒரே முதலாளி. ஒருவருக்குத் தெருவுக்குக் கீழே வேலை, மற்றவருக்கு மூன்றாவது மாடியில் வேலை. வீட்டில் பார்த்தால் சின்னவர் பெரியவரை 'அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். பேச்சுவார்த்தை மேஜையில் அதே அண்ணனுக்குப் பெயர் 'தொழிலாளர் தரப்பு'.

பேச்சுவார்த்தை என்று சொன்னேன். பழைய ஒப்பந்தம் காலாவதியாகி அப்போது நாலு வருஷம். புதிய ஒப்பந்தத்தில் நாற்பத்திரண்டு சரத்துகள். முதல் கூட்டத்தில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று தீர்மானித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் முதல் கூட்டத்தின் குறிப்பு சரியா என்று வாசித்துப் பார்த்தார்கள். மூன்றாவது கூட்டம் நடப்பதற்குள் ஆணையர் மாறிவிட்டார், புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். இப்படியே மூன்று ஆணையர்கள் வந்து, முதலிலிருந்து தொடங்கி, மாற்றலாகிப் போனார்கள். முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் பாவம். தட்டில் வைக்கிற பிஸ்கட் உப்பிலிருந்து இனிப்புக்கு மாறியிருந்தது.

சாவிக்காரருக்கு நாற்பத்திரண்டும் வேண்டியதில்லை. பதினேழாவது சரத்து ஒன்று போதும். வேலை செய்து உடம்பு கெட்டுப்போன திறன் தொழிலாளிக்கு உட்கார்ந்து செய்கிற வேலை தர வேண்டும் என்பது அந்தச் சரத்து. அவருடைய வலது தோள்பட்டை போய்விட்டது. கை காதுக்கு மேலே ஏறாது. சட்டை போடுவதற்கே பெரியவள் பின்னால் நின்று பிடிக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள்தான் ஆறு மாதமாக அவருக்கும் சேர்த்துச் சாவி சுற்றினார்கள். பழைய ஒப்பந்தப்படி மருத்துவக் குழு 'தகுதியில்லை' என்று ஒரு வரி எழுதினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மருத்துவக் குழுவுக்கு வரச்சொல்லி அவருக்கு ஓலையும் வந்துவிட்டது. ஓலையில் கையெழுத்து யாருடையது என்று கேட்கிறீர்களா? சகலையுடையதுதான். 'தங்கள் நலன் கருதி' என்று தொடங்கியிருந்தது.

அந்தச் சரத்து நின்றுபோனதற்குக் காரணம், சொன்னால் சிரிப்பீர்கள், எங்கள் அண்ணன்தான். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். ஊரில் எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று அந்தக் காலத்தில் நடையாய் நடந்து படம் போட்டவர் அவர். மாநகராட்சி சொன்ன வாதம் சுலபமானது. படத்தைப் பார்க்க வேண்டும், இடத்துக்குப் போக வேண்டும், சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும். இதில் திறன் எங்கே இருக்கிறது? எந்த ஆளைக் கூப்பிட்டாலும் செய்வான். ஆகவே வால்வுக்காரர்கள் திறன் தொழிலாளிகள் அல்ல, பதினேழாவது சரத்து அவர்களுக்குப் பொருந்தாது.

படத்தை நம்பிப் போனால் நூற்றுக்கு எழுபது இடத்தில் வால்வு இருக்காது என்பது வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். சங்கம் அதைச் சொன்னது. சகலை உடனே, "அனுபவமுள்ள வால்வுக்காரர் ஒருத்தர் படம் தப்புன்னு எழுத்துல கொடுக்கட்டும், பேசலாம்" என்றார். அனுபவமுள்ளவர் யார்? சாவிக்காரர். படம் போட்டவர் யார்? அவருடைய மாமனார். சகலைக்கும் அவர்தான் மாமனார். 'அந்தப் படத்தைப் போட்டவர் கண்ணியமானவர்' என்று சகலை மேஜையில் தழுதழுத்த குரலில் சொன்னதைக் குறிப்பில்கூட எழுதியிருக்கிறார்கள். மாமனார் பெயரைக் காப்பாற்ற இரண்டு மருமகன்களும் போட்டி போட்டதில் ஆயிரத்து இருநூறு தொழிலாளிகளின் ஒப்பந்தம் நின்றது.

சாவிக்காரர் ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பேச்சை மெல்ல எடுத்துப் பார்த்தார். பெரியவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா போட்ட படம் தப்புன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. அன்னியிலேருந்து அந்தக் கையாலயே சமைச்சும் சாப்பிடுங்க."

"அந்தக் கைதான் தூக்க வரலையே."

"எழுத மட்டும் வருமாக்கும்."

அவர் பேச்சை விட்டுவிட்டு ரசத்துக்குப் போனார். முப்பத்தொரு வருஷம் வால்வுகளோடு பழகியவருக்கு எது எத்தனை சுற்றில் இறுகும் என்று தெரியாதா?

சங்கச் செயலாளர் சாக்கடைப் பிரிவு ஆள். 'முழக்கம்' என்று பட்டப்பெயர். டீ சொன்னால்கூட இரண்டு தெருவுக்குக் கேட்கும். இந்தக் குடும்பச் சிக்கலை அவிழ்க்க அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். யாரும் படத்தைத் தப்பு என்று எழுத வேண்டாம், சொல்ல வேண்டாம். படம் சொல்கிறபடி கேட்போம். விதிப்படி வேலை. எந்த இடத்தில் வால்வு என்று மாநகராட்சியின் படம் சொல்கிறதோ அந்த இடத்தில்தான் இனிமேல் சாவி போடப்படும். இதில் மாமனாருக்கு மரியாதை கூடுமே தவிரக் குறையாது என்றார். சாவிக்காரருக்கும் அது நியாயமாகப்பட்டது.

முதல் நாள் படம் அவர்களை ஒரு முடிதிருத்தும் கடைக்குள் கூட்டிப்போனது. சுழல் நாற்காலிக்கு நேர் கீழே வால்வு என்றிருந்தது. பாதித் தாடியோடு உட்கார்ந்திருந்தவரை எழுப்பி வெளியே நிற்கவைத்துவிட்டுத் தோண்டினார்கள். அடுத்த நாள் வார்டு அலுவலகத்தின் பதிவேட்டு அறை. கட்டுகளை எல்லாம் அகற்றியதில், பதினோரு வருஷமாகக் காணவில்லை என்று விசாரணை நடந்துகொண்டிருந்த ஒரு கோப்பு அகப்பட்டது. அது கிடைத்ததில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. மூன்றாம் நாள் மூன்று பேட்டைகளில் குழாய் காற்று ஊதியது. சகலை மேலே அறிக்கை எழுதினார்: படம் சரியாக உள்ளது, தோண்டுகிற முறையில்தான் கோளாறு.

மருத்துவக் குழு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெரிய குழாய் ஒன்று வெடித்தது. ஊரில் எத்தனையோ தெருக்கள் இருக்க, அது சகலை வீடு கட்டியிருந்த தெருவில், அவர் வீட்டு வாசலுக்கு நேரே வெடித்தது. அரை மணி நேரத்தில் தெரு முழங்காலளவு ஆகிவிட்டது. ஆட்கள் வந்தார்கள், முழக்கம் வந்தார், வந்து இருபதே நாளான நாலாவது ஆணையரும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். படத்தை விரித்தார்கள். அந்தக் குழாயை அடைக்கும் வால்வு சகலையின் சமையலறையில் இருப்பதாகப் படம் சொன்னது. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில்.

ஆணையர் புதியவர், அவருக்கு இந்த மாமனார் விவகாரமெல்லாம் தெரியாது. "படம் சரியா, தப்பா? ஒரே வார்த்தை" என்று சகலையைக் கேட்டார்.

சகலை ஜன்னலைப் பார்த்தார். உள்ளே சின்னவள் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தார். முழக்கம் குறிப்பேட்டைத் திறந்து பேனாவோடு நின்றார். நாலு வருஷமாகச் சொன்னதை நாலு பேர் முன்னால் மாற்ற முடியுமா?

"சரி சார்."

"அப்ப தோண்டுங்க."

கடப்பாரையும் ஆட்களுமாகச் சாவிக்காரர் உள்ளே போனார். சின்னவள் பழக்க தோஷத்தில், "வாங்க மாமா, உக்காருங்க, டீ போடட்டுமா?" என்றாள். அடுப்பை நகர்த்திய பிறகுதான் டீ போட வழியில்லை என்பது அவளுக்கு உறைத்தது. தரைக்கு வெள்ளைக் கல் பதித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

பெரியவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தபோது குழி இடுப்பளவு. மணலையும் ஓர் உடைந்த பாட்டிலையும் தவிர எதுவும் கிடைக்கவில்லை. நனையாமல் இருக்கட்டும் என்று படத்தைக் குளிர்பெட்டியின் மேல் விரித்து வைத்திருந்தார்கள். அப்பாவின் படத்துக்காக அத்தனை வருஷம் சண்டை போட்டவள் அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்க்கிறாள்.

"இது எங்கப்பா படம் இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அவர் மரத்துக்கெல்லாம் வட்டம் போடுவார். மரத்திலேருந்து இத்தனை அடின்னுதான் கணக்கு. டேப்போட அந்த முனைய நான்தான் புடிச்சுக்கிட்டு நிப்பேன். இதுல மரத்தையே காணோமே, கம்பமால்ல இருக்கு."

சகலை தயங்கித் தயங்கிச் சொன்னார். படம் பழசாகிவிட்டது என்று கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு கம்பெனியிடம் கொடுத்தார்களாம். கம்பெனி ஆட்கள் தெருவில் மரத்தைத் தேடியிருக்கிறார்கள். மரம் இல்லாத இடத்தில் எது நின்றதோ அதை மரம் என்று வைத்துக்கொண்டு அளந்துவிட்டார்கள். சில இடத்தில் விளக்குக் கம்பம், சில இடத்தில் விளம்பரப் பலகை. ஓரிடத்தில் பழுதாகி நின்ற லாரி.

"மரமெல்லாம் எங்க போச்சு?"

"ரோட்டை அகலமாக்கும்போது வெட்டியாச்சு, அக்கா."

"யாரு வெட்டினா?"

"மாநகராட்சிதான்."

"மரத்தை வெட்டிட்டு எங்கப்பா படத்தை வெச்சு வெளையாடினீங்களா?" என்றவள், யார் பதிலுக்கும் நிற்காமல் தண்ணீருக்குள் இறங்கினாள். எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடத்து மதில் ஓரிடத்தில் வயிறு தள்ளி நிற்கும். அங்கே இருந்த மரத்தின் வேர் தள்ளிய தள்ளல் அது. அந்த இடத்தில் முதுகை வைத்து, வடக்கே அடியடியாகப் பன்னிரண்டு அடி எண்ணி, தண்ணீருக்குள் நின்றாள். "இங்க இருக்கணும்" என்றாள்.

"அங்கதான் இருக்கு" என்றார் சாவிக்காரர்.

பெரியவள் அவரை முறைத்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பத்தொரு வருஷமா தெரியும்."

"தெரிஞ்சுமா அவ சமையல்கட்டைப் பேர்த்தீங்க?"

"சொன்னா மாமா படம் தப்புன்னு ஆயிடுமே."

ஆணையருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதியை வைத்து, சீக்கிரம் அடைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். சாவிக்காரர் சாவியை இடது கையால் எடுத்துச் சகலையிடம் நீட்டினார். தனக்குத் தோள் இல்லை என்றும், இது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை என்று மாநகராட்சியே எழுதி வைத்திருக்கிறது என்றும், மிகவும் பணிவாகச் சொன்னார். மற்ற ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு, அதிகாரி செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஆர்வத்தோடு நின்றார்கள்.

ஆணையர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சகலை என்ன செய்வார்? சாவியைப் போட்டு வலது பக்கம் திருப்பினார். தண்ணீர் இன்னும் ஓர் ஆள் உயரம் எழும்பி ஆணையரின் தலையில் விழுந்தது.

"தம்பி, இது எடது பக்கம் மூடுற வால்வு. மெதுவா சுத்துங்க. அவசரப்பட்டா அடுத்த தெருவுல வெடிக்கும். நாப்பத்தாறு சுத்து."

தெருவே எண்ணியது. முழக்கத்தின் குரல் முன்னால் போனது, மற்றவர்கள் பின்னால் போனார்கள். இருபதில் சகலை கண்ணாடியைக் கழற்றினார், முப்பதில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நாற்பத்தாறில் தண்ணீர் நின்றது. அவரால் கையைக் கம்பியிலிருந்து எடுக்க முடியவில்லை. சாவிக்காரர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். "மொத நாள் அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதலும் சொன்னார்.

ஈரத் தலையோடு ஆணையர், அந்தப் பதினேழாவது சரத்து என்னவென்று கேட்டார். முழக்கம் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் விளக்கினார். யோசிக்கலாம், ஒரு குழு போடலாம் என்று ஆணையர் சொல்ல வாயெடுக்கும்போது, சின்னவள் வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க. அந்தக் காகிதத்துல கையெழுத்து ஆகுற வரைக்கும் இந்தக் குழிய மூட விடமாட்டேன். அக்கா வீட்டுல போய் இருந்துக்கறேன். நீங்க உங்க பிஸ்கட்டையே சாப்பிட்டுக்குங்க."

நாலு வருஷத்தில் எந்தச் சங்கமும் வைக்காத கோரிக்கை அது. அன்றைக்கே கையெழுத்து ஆகியிருக்கும். சகலையின் கை பேனா பிடிக்க மறுத்ததால் மறுநாள் மாலை ஆனது. வால்வைக் கண்டுபிடிக்கத் திறன் தேவை என்ற ஆணையரின் உத்தரவில் காரணமும் எழுதியிருந்தார்கள்: வரைபடம் சரியானது, மரங்களே உரிய இடத்தில் இல்லை. பெரியவள் அந்த வரியைச் சாவிக்காரரைப் படிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். அப்பா ஜெயித்துவிட்டார்.

திங்கட்கிழமை மருத்துவக் குழு 'தகுதியில்லை' என்று எழுதியது. அதை வைத்துக்கொண்டே செவ்வாய்க்கிழமை சாவிக்காரர் மூன்றாவது மாடியில், படப் பிரிவில், நாற்காலியில் உட்கார்ந்தார். மீதி நாற்பத்தொரு சரத்துகளுக்குப் பேச்சுவார்த்தை இன்றைக்கும் நடக்கிறது, யாரும் கவலைப்பட வேண்டாம். இவருக்குக் கொடுத்த வேலை, காணாமல்போன மரங்களைப் படத்தில் மறுபடியும் அதது இருந்த இடத்தில் போடுவது. பெரியவள் வீட்டிலிருந்தபடியே போனில் இடம் சொல்வாள், அவர் இடது கையால் வட்டம் போடுவார். அவளுக்கு எந்தச் சரத்திலும் இடம் கிடையாது.

வருஷக் கடைசியில், நகரத்தில் இந்த ஆண்டு எத்தனை மரங்கள் நடப்பட்டன என்று மேலிடத்திலிருந்து கேட்டு ஒரு கடிதம் வந்தது. சகலை படப் பிரிவுக்கு வந்து, வட்டங்களை எண்ணி, முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி அனுப்பினார்.