பாரவ்வா மகள் தம்பூரா மீட்டிய சாயங்காலம்

தார்வாட் மார்க்கெட்டுக்குப் பின்னால், விறகுக் கடைச் சந்தில் இருந்தது பாரவ்வாவின் கானாவளி என்கிற சாப்பாட்டுக் கடை. முன் அறையில் சாப்பிட வருகிறவர்களுக்குப் பலகைகள். பின் அறையில் அடுப்பு, சோள மாவு மூட்டை, பாரவ்வா, அவள் மகள் சுமங்களா. புருஷன் இச்சல்கரஞ்சிக்குத் தறி வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். ஒரு தீபாவளிக்குப் புதுச் சட்டையோடு வந்து சமாதானம் பேசினான். அந்தச் சட்டை கிழியச் சந்து முனைவரை அவள் துரத்தியதைப் பார்த்தவர்கள் இன்னும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள்.

பாரவ்வாவுக்குக் கோபம் அதிகம் என்று ஊரே சொல்லும். அவளைக் கேட்டால், "எனக்கா கோபம்? எதிர்ல நிக்கறவன் ஒழுங்கா இருந்தா நான் ஏன் கத்தப்போறேன்?" என்பாள்.

அந்தக் கோபம் அடங்குகிற நேரம் ஒன்றுதான். ரேடியோவில் பண்டித் கரிபசய்யா ஹிரேமட் பாட ஆரம்பித்தால், தட்டுகிற ரொட்டி பாதியில் நின்றுவிடும். முன் அறையிலிருந்து ஓய்வுபெற்ற தாசில்தார் அங்கடி, "பாரக்கா, ரொட்டி எங்க?" என்று குரல் கொடுப்பார்.

"செத்த சும்மா இருங்க. அவரு பாட்டுல மேல போயிருக்காரு. இறங்கி வரட்டும்."

புருஷன் ஓடிப்போன வாரத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை. அப்போது ஒரு காலையில் ரேடியோவில் இந்தக் குரல் வந்தது. 'நான் அழவேண்டியதையெல்லாம் இந்த மனுஷரே அழுதுட்டாரு. இனிமே ரொட்டி தட்டினாப் போதும்' என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாளாம். அதிலிருந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் ஏறிவிட்டது. மகளை ஒன்பது வயதில் பாட்டு டீச்சரிடம் கொண்டுபோய் விட்டதும் அதனால்தான்.

சுமங்களாவுக்குப் பதினாறு நடக்கும்போது அது நடந்தது. கரிபசய்யா தன் குருவின் நினைவு நாளில் வருஷா வருஷம் தார்வாடில் பாடுவார். வந்த கலைஞர்களுக்குச் சாப்பாடு பாரவ்வா வீட்டிலிருந்துதான் போகும். அந்த வருஷம் சாப்பாடு சொல்ல வந்த வாமன் இனாம்தார், போகிற போக்கில் சுமங்களாவைப் பார்த்துவிட்டு நின்றார். இனாம்தார் கரிபசய்யாவின் முதல் சிஷ்யர். இருபது வருஷமாக அவர் நிழல். குருவை மரியாதையாகப் 'புவா' என்றுதான் சொல்வார்.

"பாரவ்வா, புவாவுக்குப் பின்னால தம்பூராவுக்கு ஒரு பொண்ணு வேணும். உங்க பொண்ணு உக்காரட்டுமே?"

பாரவ்வாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அடுப்பில் ரொட்டி கருகி, புகை முன் அறைவரை வந்தது.

அடுத்த பத்து நாள் சாப்பிட வந்த ஒருவரும் தப்பவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. எம் பொண்ணு மேடைல உக்காந்திருப்பா. புவாவுக்குப் பின்னாலயே!" அங்கடி முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டதாகச் சொன்னார். மகளுக்கு ஊதா நிறத்தில் இல்கல் புடவை எடுத்தாள். சாப்பாட்டு வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கதவைச் சாத்தினாள்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் கரிபசய்யா சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தொடும் வயது. நெற்றி நிறைய விபூதி. பாரவ்வா வாசலிலேயே உருகிப்போனாள். தூக்குச் சட்டியில் மெல்லிய ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் தனியாகக் கொண்டுவந்திருந்தாள்.

"கால்ல விழுடி," என்று மகளின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். சுமங்களா விழுந்தாள்.

"பேரென்ன மகளே?"

"சுமங்களா."

"மங்களூரா! அடேயப்பா, அவ்வளவு தூரத்துலேருந்தா வந்தே?"

அறையில் இருந்தவர்கள் மெதுவாகச் சிரித்தார்கள். பெரியவர் வேடிக்கை பேசுகிறார் என்று பாரவ்வாவும் சிரித்தாள். இனாம்தார் குனிந்து அவருடைய இடது காதுக்குள் சத்தமாகச் சொன்னார்: "இந்த ஊர்தான் புவா. கானாவளி பாரவ்வாவோட பொண்ணு. நமக்கு ரொட்டி இவங்க வீட்லேருந்துதான்."

"ஓஹோ, ரொட்டிக்காரத் தாயியா!" என்று பொக்கை வாயோடு சிரித்து, ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த நிமிஷத்தில் பாரவ்வாவை யாராவது கொன்றிருந்தால்கூடச் சந்தோஷமாகச் செத்திருப்பாள்.

தம்பூரா இரண்டையும் இனாம்தாரே சுருதி சேர்த்தார். ஒன்றைச் சுமங்களாவிடம் கொடுத்து, மற்றதைத் தான் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். சபை நிறைந்திருந்தது. கரிபசய்யா முதல் ஸ்வரத்தை வைத்ததும் கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் இருந்த பாரவ்வா, பாடுகிறவரைப் பார்ப்பதா, அவர் தோளுக்குப் பின்னால் தெரிகிற ஊதாப் புடவையைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தாள்.

கொஞ்ச நேரம்தான். கரிபசய்யா பாட்டை நிறுத்திப் பின்னால் திரும்பினார். "சுருதி இறங்கிப்போச்சு." இனாம்தார் கையை நீட்டிச் சுமங்களாவின் தம்பூராவில் தந்தியை முறுக்குகிற பிருடையைப் பிடித்தார். "ம், இப்ப சரி," என்று பெரியவர் தொடர்ந்தார்.

மறுபடி நிறுத்தினார். "மகளே, தூங்குறியா?" மறுபடி இனாம்தாரின் கை.

மூன்றாவது தடவை மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பக்கூட இல்லை. "இனாம்தார், ரொட்டி தட்டுற கையில தம்பூராவைக் குடுத்தா இப்படித்தான்! நல்லாத் தட்டுது. சுருதிதான் வரல!"

சபை வெடித்துச் சிரித்தது. கலைஞன் மேடையில் சொல்கிற எதற்கும் சிரிப்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அங்கடி தொடையைத் தட்டிக்கொண்டு குலுங்கினார். பாரவ்வாவின் ரொட்டியைத் தின்று வளர்ந்த வாய்கள் நாலு பக்கமும் திறந்திருந்தன.

பாரவ்வா எழுந்து நின்றுவிட்டாள். மேடையிலிருந்து மகள் அதைப் பார்த்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன, கண்ணில் நீர் இல்லை, விரல் நிற்காமல் நான்கு தந்தியையும் மீட்டிக்கொண்டிருந்தது. லேசாக, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். பாரவ்வா உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பாடியதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறவில்லை. பெரியவர் குரல் இரண்டு இடத்தில் தம்பூராவை விட்டு நழுவியபோது தபலாக்காரர் தலையைக் குனிந்துகொண்டதை மட்டும் பார்த்தாள். சபை அதற்கும் ஆஹா என்றது.

கச்சேரி முடிந்ததும் நடையில் மகளைப் பிடித்தாள். "என்னடி ஆச்சு? டீச்சர்கிட்ட இத்தனை வருஷம் மீட்டினவதானே நீ?"

"தம்பூரா சரியாத்தான் இருந்துச்சு அவ்வா."

"பின்ன எதுக்கு இனாம்தார் பிருடையைத் திருப்பினாரு?"

"திருப்பவே இல்ல. சும்மா கையை வெச்சுட்டு எடுத்தாரு. மூணு தடவையும். அந்த அஜ்ஜா, அதான் புவா, அவருக்குக் காது கேக்கல."

"இனாம்தாருக்கு அது தெரியுமா?"

"தெரியாமலா கையை வெச்சாரு? போன வருஷம் பூக்காரர் பொண்ணு உக்காந்தா. அவளையும் அந்த அஜ்ஜா இதே மாதிரி திட்டினாராம். அவ பாட்டையே விட்டுட்டா. பாட்டு தப்பினா திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். பெரிய வீட்டுப் பொண்ணா இருந்தா அப்பன்காரன் வந்து கேப்பான். நம்மளை யாரு கேக்கப்போறா?"

பாரவ்வா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தாள். சால்வையும் மாலையுமாகப் பெரியவர் நடுவில் இருந்தார். இனாம்தார் எதிரே வந்து கை கூப்பினார்.

"வாங்க பாரவ்வா. மனசுல வெச்சுக்காதீங்க. பெரியவங்க திட்டினா ஆசீர்வாதம்னு எடுத்துக்கணும்."

"அந்த ஆசீர்வாதத்தை உங்க வீட்டுப் பொண்ணுக்கு வாங்கிக் குடுக்க வேண்டியதுதானே?"

"கொஞ்சம் மெதுவா..."

"எதுக்கு மெதுவா? சுருதி சரியா இருந்துச்சா இல்லையா? நீங்கதானே சேர்த்தீங்க? பிருடை மேல கையை வெச்சு நாடகம் ஆடினீங்களே, அதை அவர்கிட்டச் சொல்லுங்க! அவருக்குக் காது கேக்கலைன்னு சொல்லுங்க! அதுக்கு எம் பொண்ணுதான் கெடச்சாளா?"

மாலைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் கை நின்றது. பெரியவர் மட்டும் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சொல்லுது தாயி?"

இனாம்தார் அவர் இடது காதில் குனிந்தார். "பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சாம், புவா."

கரிபசய்யா முகம் மலர்ந்தது. "எல்லாம் குரு கிருபை தாயி," என்று கை கூப்பினார். வாசலில் நின்ற சுமங்களாவைக் கைகாட்டிக் கூப்பிட்டு, அவள் தலைமேல் கையை வைத்தார். "கோவமா மகளே? எங்க குரு என்னைத் தம்பூராவாலயே அடிச்சிருக்காரு."

பாரவ்வா விடவில்லை. இனாம்தாரைத் தோளால் தள்ளிவிட்டு, பெரியவரின் இடது காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"தம்பூரா சரியா இருந்துச்சு. உங்களுக்குத்தான் காது கேக்கல."

அவருக்குக் கேட்டது. சுமங்களாவின் தலைமேல் இருந்த கை சுட்டதுபோலப் பின்வாங்கியது. பாரவ்வாவை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இல்லை. அதைத்தான் பாரவ்வாவால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. தெரிந்த ஒன்றைச் சொன்னவளைப் பார்க்கிற பார்வை அது. தெரிந்தேதான் அத்தனை பேருக்கு நடுவில் ஒரு சின்னப் பெண்ணைத் திட்டியிருக்கிறார்.

"இனாம்தார்," என்றார் பெரியவர். "வண்டி வந்தாச்சா?"

சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கூட்டம் வழிவிட்டது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாரவ்வா திட்டிக்கொண்டே நடந்தாள். சுமங்களா இரண்டடி பின்னால் வந்தாள். சந்துக்குள் திரும்பியதும் நின்றாள்.

"நீ எதுக்கு ரொட்டி கொண்டு வந்தே?"

"என்னடி?"

"நீ ரொட்டி கொண்டு வரலைன்னா நான் யாருன்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. வேற என்னமாச்சும் சொல்லித் திட்டியிருப்பாரு. கால்ல வேற விழச் சொன்னே. முதுகைப் பிடிச்சுத் தள்ளினே, அவ்வா."

பாரவ்வா சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே போனதும் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த படத்தைக் கழற்றி, கண்ணாடியோடு அடுப்படி மூலையில் வீசினாள். உடைந்த கண்ணாடியை மகள்தான் பெருக்கினாள்.

மறுநாள் கடை திறந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் ஒன்றும் நடக்காததுபோல வந்து பலகையில் உட்கார்ந்தார்கள். பாரவ்வா பரிமாறினாள். சாப்பிடுகிறவர்களைத் துரத்திவிட்டு என்ன செய்வது? ஆனால் யாரோடும் பேசவில்லை. சத்தம் போட்டால்கூடத் தேவலை, இந்த மௌனம் தாங்கவில்லை என்று அங்கடியே சொன்னார். இனாம்தார் ஒருமுறை சமாதானம் பேச ஆள் அனுப்பினார். வந்தவன் பேச ஆரம்பிக்குமுன் பாரவ்வா அரிவாள்மணையை நகர்த்திப் போட்டாள். அவன் உட்காராமலே போனான்.

சுமங்களா இரண்டு மாசம் பாட்டு டீச்சர் வீட்டுப் பக்கம் போகவில்லை. பிறகு ஒருநாள் அவளாகவே கிளம்பினாள். "அந்த ஆளுக்காக நான் ஏன் விடணும்?" என்றாள். கேட்பதற்குத் தாயைப் போலவே இருந்தது. பூக்காரர் வீட்டுக்கும் போய் அந்தப் பெண்ணையும் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

அறையில் நடந்தது ஊரைத் தாண்டியும் பரவிவிட்டது. மாலை அடுக்கியவன் சொன்னானோ, தபலாக்காரர் சொன்னாரோ. அடுத்து கதக் ஊரில் கரிபசய்யாவின் கச்சேரி வந்தபோது தம்பூராவுக்குப் பெண்ணைத் தேடி இனாம்தார் வீடு வீடாக ஏறினாராம். பரீட்சை என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. கடைசியில் இரண்டு தம்பூராவுக்கும் சிஷ்யர்களே உட்கார்ந்தார்கள்.

அந்தக் கச்சேரிக்கு அங்கடி போயிருந்தார். மறுநாள் மத்தியானம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

"பாரக்கா, ஒரு நல்ல சேதி! நேத்து இனாம்தாருக்குக் கெடச்சுது பாரு! சபை நடுவுல, சுருதி இறங்கிப்போச்சுன்னு நிறுத்தி, 'இருபது வருஷமா எங்கிட்ட மாடு மேச்சியா?'ன்னு கேட்டாரு புவா. அந்த ஆளு முகம் செத்துப்போச்சு. உம் மனசு இப்ப குளிர்ந்திருக்குமே?"

பின் அறையில் ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றது. பாரவ்வா மாவுக் கையோடு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் சுமங்களாவும் வந்து நின்றாள்.

"சபை சிரிச்சுதா?"

"என்னது?"

"இனாம்தாரைத் திட்டினாருல்ல. அதுக்கு எல்லாரும் சிரிச்சீங்களா?"

அங்கடி விழித்தார். "சேச்சே. எப்படிச் சிரிக்கிறது? இனாம்தார் எவ்வளவு பெரிய வித்வான். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். பாவமா இருந்துச்சு."

பாரவ்வா குனிந்தாள். அவர் முன்னால் இருந்த தட்டை, பாதி ரொட்டியும் கத்தரிக்காயும் அப்படியே இருக்க, எடுத்தாள்.

"எழுந்திருங்க."

"பாரக்கா, சாப்பிட்டு..."

"கையைக் கழுவிட்டுப் போங்க தாசில்தாரே."

மற்ற பலகைகளில் இருந்தவர்கள் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினார்கள். அங்கடி ஒரு கையை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி எழுந்து போனார். சுமங்களா தாயின் கையிலிருந்து தட்டை வாங்கி, வாசலில் படுத்திருந்த நாய்க்கு வைத்துவிட்டு வந்தாள்.