அப்பாவின் இரண்டாவது கண்

அப்பாவுக்கு முதல் கண்ணில் புரை எடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். பார்வை நன்றாகத்தான் வந்தது. ஆனால் கட்டைப் பிரித்த அன்று கண்ணைச் சுற்றிக் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. நான் அலறிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். மூன்று நாள் அவர் பக்கமே போகவில்லை.

அடுத்த வருடம் இன்னொரு கண். டாக்டரம்மாவிடம் அப்பா கேட்ட முதல் கேள்வி, "வீங்காத மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

சொட்டு மருந்து மட்டும் விட்டும் செய்யலாம், வீக்கம் வராது என்றார் அவர். ஊசி போட்டால் கண் தானாக அசையாமல் கிடக்கும். சொட்டு மருந்தென்றால் நோயாளிதான் விளக்கைப் பார்த்தபடி அசைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பெரியநாயக்கன்பாளையத்து வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா குதித்தார்.

"ஊசின்னா டாக்டரம்மா பாட்டுக்கு வேலயப் பாத்துக்குவாங்கண்ணா. இதுல நடுவால தும்மல் வந்துச்சுன்னா? கண்ணே போயிருமுங்க!"

"முப்பது வருசமா லேத்து மிசின்ல கண்ணு அசையாம நிக்கறேன். தும்மலையும் நிறுத்திப்போடறேன், போடா."

பள்ளி விட்டு வந்ததும் தினமும் பயிற்சி. அப்பா பாயில் மல்லாந்து படுப்பார். நான் டார்ச் அடித்தபடி முந்நூறு வரை எண்ண வேண்டும். இமைக்கலாம், விழி நகரக் கூடாது. இடையில் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டுவேன். கால் துள்ளும், விழி நகராது. "இன்னொருக்கா எண்ணு அம்மணி" என்பார்.

அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா என் கன்னத்தைத் தட்டினார். "செல மாதிரி இருந்தாரு கண்ணு உங்கப்பா." மறுநாள் வகுப்பில் ஒருத்தி மிச்சமில்லாமல் சொன்னேன், எங்கப்பாவுக்கு ஊசியே வேண்டாமாக்கும் என்று. சாயங்காலம் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து அந்தக் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தேன். லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அப்பா வெகுநேரம் என்னை இறக்கிவிடவில்லை.

போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்த என் மகளுக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். மரத்துப்போக ஊசி ஏற்றும்போது அவள் என் முகத்தையே பார்த்தாள். சிரித்தபடி நின்றேன். அம்மா பயப்படவே இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறாள். முதுகுக்குப் பின்னால் கட்டில் கம்பியை நான் இறுகப் பிடித்திருந்ததை அவள் பார்க்கவில்லை.

அப்பாவைப் பற்றிய என் பெருமை இன்றுவரை குறையவில்லை. இந்த வாரம் கூடியிருக்கிறது. அத்தனை நாள் டார்ச் பிடித்த எனக்கு, அவர் ஊசியை வேண்டாமென்றது நான் ஒளிந்துகொண்ட அந்த மூன்று நாளுக்காக என்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை.