நான் கையெழுத்துப் போட்ட பிரேக்

மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அரசாங்கம் பெயர் வைத்தாலும் ஊரில் எங்களுக்கு ஒரே பெயர்தான்: பிரேக் இன்ஸ்பெக்டர். அந்தப் பெயருக்கு நான் எவ்வளவு லாயக்கு என்பது 1991 மழைக்காலத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் தெரிந்தது.

ஸ்கூட்டர் மக்கர் செய்ததால் அன்று காலை அதில் ஏறினேன். இருபது நாள் முன்புதான் அந்த வண்டிக்கு நான் எஃப்.சி. கொடுத்திருந்தேன். ஆள் ஏற்றி ஓடத் தகுதியான வண்டி என்று சொல்லும் சான்று அது. அது இல்லாவிட்டால் பெர்மிட் இருந்தும் பிரயோஜனமில்லை.

வல்லம் தாண்டி ஏரிக்கரை இறக்கம் வந்தது. திடீரென்று பஸ்ஸில் பேச்சு நின்றது. டிபன் பைகள் மடிக்குப் போயின. அத்தனை பேரும் முன்சீட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள்.

"சார், கம்பிய புடிச்சிக்க!" என்றார் பக்கத்து சீட்டு அம்மா.

ஏன் என்று கேட்பதற்குள் என் நெற்றி கம்பியில் மோதியது. டிரைவர் பிரேக்கை மூன்று தடவை மிதித்தார். மூன்றாவது மிதியில் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு, தண்ணீருக்கு நாலடி முன்னால் நின்றது.

"மூணு மிதி மிதிச்சாத்தான் புடிக்கும். புடிச்சா ஏரிப்பக்கம் இழுக்கும். எங்களுக்குப் பழகிப்போச்சு," என்றார் அந்த அம்மா. பெயர் அந்தோணியம்மா, ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை.

ஏன் இடப்பக்கம் இழுக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எஃப்.சி. அன்று நல்ல மழை, வண்டிகள் வரிசையாக நின்றன. இந்த பஸ்காரர்கள் இடது முன்சக்கரத்தை மட்டும் கழற்றித் தயாராக வைத்திருந்தார்கள். உள்ளே புது பிரேக் லைனிங். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மற்ற மூன்றையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். ஓட்டி நிறுத்திப் பார்க்கவும் இல்லை. சோம்பேறித்தனம், வேறென்ன? மற்ற மூன்றிலும் தேய்ந்த பழசு இருந்திருக்க வேண்டும்; புதுசு மாட்டிய இடப்பக்கம் மட்டும் பிடித்து இழுக்கிறது.

"எல்லாரும் இறங்குங்க. இந்த வண்டி போகக் கூடாது," என்றேன்.

கண்டக்டர் முறைத்தார். "எஃப்.சி. கரெக்டா கீது சார். பிரேக் இன்ஸ்பெக்டரே கையெழுத்து போட்டுக்கிறாரு."

"அந்த இன்ஸ்பெக்டர் நான்தான்."

மழையில் இறங்கி நின்ற நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தோணியம்மாதான் கேட்டார்: "இப்ப நடுரோட்டுல எறக்கி வுடுறியே, அன்னிக்கு இன்னா பண்ணிக்கினு இருந்த?"

அவர்கள் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று நடக்க ஆரம்பித்தார்கள்.

அரை மணியில் பஸ் முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்தார். "எஃப்.சி.ய ரத்து பண்ணா எனக்கு வண்டி பத்து நாள்தான் சார் நிக்கும். ஒங்களுக்கு பிரமோஷன் சர்வீஸ் பூரா நிக்கும். நாளைக்கே லைனிங் மாத்திடறேன், சத்தமில்லாம வுட்டுடுங்க."

அவர் சொன்னது உண்மைதான். ரத்து உத்தரவில் காரணம் எழுத வேண்டும். "மூன்று சக்கரங்களைச் சோதிக்காமல் சான்றளித்தேன்" என்று எழுதினேன். மெமோ வந்தது, பிரமோஷன் நின்றது. அதன் பிறகு நாலு சக்கரத்தையும் கழற்றாமல் நான் பேனாவைத் திறந்ததில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

வண்டி மறுபடி ஓட ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். வேண்டுமென்றே அதில் ஏறினேன். அதே இறக்கத்தில் அந்தோணியம்மா இரண்டு கையாலும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"நாலையும் பாத்தியா?" என்றார், நிமிராமலே.

"பாத்தேம்மா."

ஒரு பிடி கடலையை நீட்டினார். அதை வாங்கிக்கொள்ளத்தான் நான் கம்பியை விட்டேன்.