ஏழாம் நம்பரின் பாஸ்வேர்டு

லேப் அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "உன் கோபத்துல கரண்ட் எடுத்தா நாலு தெருவுக்கு விளக்கு எரியும்" என்று அவள் புருஷனே சொல்வான், கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு. கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் அவளுக்கு எழுதிக் கொடுத்த வேலை காலையில் லேபைத் திறப்பது, தூசி தட்டுவது, மாலையில் பூட்டுவது. இருபது வருடமாக, பழுது பார்க்க வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றே அவள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் சான்றிதழ்த் தேர்வு. பதினெட்டு பேர், பதினெட்டு கம்ப்யூட்டர். அன்று மதியம் பார்த்தா ஏழாம் நம்பர் மண்டையைப் போட வேண்டும்? கரண்ட் போய் வந்ததில் விண்டோஸ் கெட்டுப்போய்த் திரை கறுப்பாக நின்றது. பென் டிரைவிலிருந்து புதிதாகப் போட்டால் ஒரு மணி நேர வேலை. செருகினாள். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முன்பக்கம், பின்பக்கம், எல்லாத் துளையிலும் செருகிப் பார்த்தாள். ஆபீஸ் லேப்டாப்பில் அதே பென் டிரைவ் சமர்த்தாகக் கிளம்பியது. சரி, எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று சொல்லும் செட்டப் பக்கத்தைத் திறக்கப்போனால், அது பாஸ்வேர்டு கேட்டது.

"எந்தப் புண்ணியவான் இதைப் பூட்டினது?"

பாஸ்வேர்டு அழியுமா என்று பெட்டியைக் கழற்றி உள்ளிருந்த பொத்தான் பேட்டரியை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அந்த வித்தை இந்த ரகத்திடம் பலிக்கவில்லை. கம்ப்யூட்டர் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"மேடம், நாங்க குடுக்கும்போது பாஸ்வேர்டே கிடையாது. உங்க ஆளுங்க யாரோ போட்டிருக்காங்க."

"இங்க யாருக்கு அதெல்லாம் தெரியும்? செய்யறதையும் செஞ்சுட்டு எங்க தலையில கட்டாதீங்க!" போனை வைத்த பிறகும் வாய் ஓயவில்லை.

வாசல் பெஞ்சில் ஆஸ்பத்திரி வார்டு கூட்டும் பெண் உட்கார்ந்திருந்தாள். டியூட்டி முடிந்து, நாளைக்கு எழுதப்போகும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள். அவள் இடம் ஏழாம் நம்பர். அதே ஆஸ்பத்திரியில் கிளார்க் வேலைக்கு அவள் மனுப் போட இந்தச் சான்றிதழ் வேண்டும். அடுத்த மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது. ஆறு மாதமாக, மாப் பிடித்துக் காய்த்த விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி, இப்போதுதான் வேகம் வந்திருந்தது.

"அது என் சிஸ்டம்தானே அக்கா?"

"உன்னுதுதான். கவலைப்படாம உக்காரு. நாளைக்கு ஓடும்."

சொல்லிவிட்டாளே தவிர எப்படி ஓட்டுவது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா மெனக்கெடுற? ஒரு சீட்டுதானே? அந்தம்மாவ அடுத்த தடவை எழுதச் சொல்லு."

"அடுத்த தடவைக்குள்ள வயசு தாண்டிடும் சார்."

"வார்டு கூட்டுறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

குரலைத் தாழ்த்தக்கூடத் தோன்றவில்லை அந்த மனிதருக்கு. பெஞ்சில் இருந்தவள் குனிந்து பையின் காதைச் சரிசெய்தாள்.

எதுக்கு. லேப் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், இதே அறையில், இதே தேர்வுக்கு அவளும் மனு எழுதிக் கொடுத்தாள். அப்போதிருந்த மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கதவு தொறந்து மூடுறவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று காகிதத்தை மேஜை டிராயருக்குள் தள்ளினார். தள்ளிய கையோடு, யாரும் பென் டிரைவ் போட முடியாதபடி எல்லாக் கம்ப்யூட்டரையும் பூட்டச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டினாள். பாஸ்வேர்டு என்ன வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 'எதுக்கு' என்ற அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. பதினெட்டு கம்ப்யூட்டரிலும் அதையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். அவர் மாறிப் போனார், இவளுக்கு வேலைக்கு மனுப் போடும் வயது தாண்டியது, பூட்டியதும் பாஸ்வேர்டும் மறந்தே போயின.

ஆக, பூட்டிய புண்ணியவான் இவளேதான். கம்பெனிக்காரனைத் திட்டிய திட்டுக்கு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏழாம் நம்பரின் முன்னால் உட்கார்ந்து அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக அடித்தாள். செட்டப் பக்கம் திறந்தது. பென் டிரைவை வரிசையில் முதலில் வைத்தாள். புது பாஸ்வேர்டு கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டாள்.

மேனேஜர் இன்னும் போகவில்லை. "அட, தொறந்துடுச்சா! பாஸ்வேர்டு என்னவாம்?"

"நீங்க இப்ப சொன்னதுதான் சார்."

"நான் என்ன சொன்னேன்?"

விண்டோஸ் ஏறத் தொடங்கியிருந்தது. லேப் அக்கா நாற்காலியைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"உள்ள வா. வந்து உன் இடத்துல உக்காரு."